செய்தி முடியுமுன் ஊமையாகும் ரேடியோ

ஜம்புலிங்கம் ரேடியோ செய்யப்போகிற சேதி, ரேடியோ வாய் திறப்பதற்கு மூன்று மாதம் முன்பே எட்டாம் நம்பர் கேம்ப் முழுக்கத் தெரிந்துவிட்டது. சொன்னவன் வேறு யாருமில்லை, அவனேதான். அரசாங்க ஸ்டோரில் சிமென்ட் மூட்டைக்கும் ஆணிப் பெட்டிக்கும் காவல் இருக்கிற குமாஸ்தா அவன். அந்த வேலையில் பெருமை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால், இன்னும் செய்யாத ரேடியோவைப் பற்றி அடித்துக்கொண்டான். லீவில் மெட்ராஸ் போனவன் டிரான்சிஸ்டர், காயில், ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாங்கி, மனைவி சந்திரமதியின் பழைய சேலை ஒன்றில் சுற்றி, கப்பலில் நான்கு நாளும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். தனக்கு என்ன வாங்கி வந்தான் என்று அவள் கேட்டதற்கு, அந்தச் சேலையைத் திரும்பக் கொடுத்தான்.

போர்ட்பிளேர் ஃபீனிக்ஸ் பேயிலிருந்து மோட்டார் போட்டில் ஏழு மணி நேரம் போனால் அந்தக் கேம்ப் இருந்த தீவு வரும். அறுபத்தொன்பதாம் வருஷத்தில் அங்கே கரண்ட் கிடையாது, தந்தி கிடையாது, புயலுக்குக் கொடி ஏற்றுகிற கம்பமும் கிடையாது. காட்டை வெட்டிக் குடியேறிய நாற்பது குடும்பங்களும், வருஷத்தில் எட்டு மாதம் மழையும் மட்டும் இருந்தன. உப்பு ஒரே ராத்திரியில் தண்ணீராகிவிடும். தீக்குச்சியை உரசினால் மருந்து மாவாக உதிரும். பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் பூஞ்சணம் பிடித்து, பேரே தெரியாமல் போனவர்கள் உண்டு. அதனால் வீட்டுக்கு வீடு ஒரு சூட்டுப் பெட்டி வைத்திருந்தார்கள். மரப்பெட்டிதான். கீழ்த்தட்டில் ஒரு சின்னச் சிம்னி விளக்கு எரியும், அதற்கு மேலே ஓட்டை போட்ட பலகை, பலகையின்மேல் உப்பு, தீப்பெட்டி, அப்பளம், கல்யாணச் சேலை, ரேஷன் கார்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிற ஊர் அது. எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடானாலும் சரி, இருட்டினதும் சூட்டுப் பெட்டிக்கு விளக்கு ஏற்றாமல் ஒரு பெண்ணும் உலை வைக்கமாட்டாள்.

முன்பு இருந்த ஓவர்சியர் கடையில் வாங்கிய ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஒரே ஒரு மழைக்காலம்தான். பின்பக்கத்தைத் திறந்து பார்த்தபோது உள்ளே பஞ்சு அடைத்த மாதிரி பூஞ்சணம் இருந்தது. அன்றிலிருந்து ரேடியோவுக்கு எமன் ஈரம்தான் என்பது கேம்பில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

ஜம்புலிங்கம் படாக் மரத்தில் அழகாக ஒரு கூடு செய்தான். கரி அடுப்பில் இரும்பைப் பழுக்கவைத்து, ஒவ்வொரு ஒயராக ஈயம் வைத்து ஒட்டினான். நவம்பர் முதல் வாரத்தில் வேலை முடிந்தது.

"இந்தா பாரு சந்திரா, என்ன ஆனாலும் சரி, இதுல ஒரு சொட்டு ஈரம் அண்டக் கூடாது. அது உன் பொறுப்பு" என்றான்.

அவள் சூட்டுப் பெட்டியின் மேல்தட்டைக் காலிசெய்தாள். கல்யாணச் சேலையை டிரங்குப் பெட்டிக்குள் தள்ளினாள். அந்த இடத்தில் ரேடியோவை உட்காரவைத்துவிட்டு, கீழே விளக்கை ஏற்றினாள். பாடினாலும் பேசினாலும் அது அங்கேயேதான் இருக்கும். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். இல்லை என்று சொன்னால் அது பொய்.

அந்த ரேடியோவை அவளைவிட ஆவலாக எதிர்பார்த்தவர் நஜிமுதீன் பாய். கடலில் சிப்பி எடுக்கிற லைசென்ஸ் அவரிடம் இருந்தது. முங்கி எடுக்கிற ஆட்கள் எட்டுப் பேரைத் தூரத்தில் இருந்த ஆளில்லாத தீவு ஒன்றில், இரண்டு வாரத்துக்கு அரிசியோடு இறக்கிவிட்டிருந்தார். போட்டின் இன்ஜின் கெட்டு, சரியாவதற்குள் மூன்றாவது வாரம் பிறந்துவிட்டது. அவர்களைப் போய் அழைத்துவர வேண்டும். போட்டை ஓட்டுகிறவன் பன்னீர்செல்வம், சந்திரமதியின் தம்பி. இருபத்துநான்கு வயசு. இங்கே வேலை இருக்கிறது, வந்துவிடு என்று கடிதம் போட்டு மெயின்லேண்டிலிருந்து அவனை வரவழைத்தவள் அவள்தான்.

நஜிமுதீன் பாய் அடாவடியான ஆள் இல்லை. நவம்பர் மாதத்தில் வானிலை அறிக்கை கேட்காமல் வெளிக்கடலுக்குப் போட் அனுப்பமாட்டார். ஏழே கால் மணிச் செய்தியின் கடைசியில்தான் அந்த அறிக்கை வரும். அதைக் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று தினமும் ஏழு மணிக்கு ஜம்புலிங்கத்தின் வாசலுக்கு வந்துவிடுவார்.

முதல் நாள் பாதிக் கேம்ப் கூடிவிட்டது. இரைச்சலுக்கு நடுவே குரல் கேட்டதும் பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செய்தி வாசிக்கிறவர் கோதுமைக் கொள்முதல் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு சொல்லின் பாதியில் குரல் நின்றது. இரைச்சல்கூட இல்லை, மெல்லிய ரீங்காரம் மட்டும். ஜம்புலிங்கம் குமிழைத் திருகினான், பெட்டியைத் தட்டினான், பின்பலகையைக் கழற்றி ஊதினான், விசிறியால் வீசினான். கொஞ்ச நேரத்தில் உயிர் வந்தது. அதற்குள் செய்தி முடிந்து யாரோ வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"பேட்டரி கான்டாக்ட் லூஸு பாய். நாளைக்குப் பாருங்க" என்றான் ஜம்புலிங்கம்.

மறுநாள் கான்டாக்டை உப்புத்தாளால் தேய்த்தான். அன்றைக்கும் நின்றது. தென்னை மரத்தில் கட்டிய ஏரியல் ஒயரில் உப்புப் படிந்திருக்கும் என்று மூன்றாம் நாள் அதைக் கழற்றித் துடைத்தான். அப்போதும் நின்றது. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு நின்றது என்று எழுதத் தொடங்கினான். ஸ்டோரில் சிமென்ட் கணக்கைக்கூட அவன் இவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், பகலில் அதற்கு ஒரு கோளாறும் இல்லை. மத்தியானம் இலங்கை வானொலியைப் போட்டால் இரண்டு மணி நேரம் பாட்டாகக் கொட்டும். இருட்டின பிறகு, அதுவும் அறிக்கை வருகிற சமயம் பார்த்துத்தான் அடைத்துக்கொள்ளும். சந்திரமதிக்கு அந்தப் பெட்டியைப் பார்க்கவே பயம் வந்தது. எதையோ தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிறது என்று தோன்றியது. வாய்விட்டுச் சொன்னால் புருஷன் சிரிப்பான் என்று சொல்லவில்லை.

"பகல்ல வெயில் இருக்கு, காஞ்சு கிடக்குது. பொழுது சாஞ்சா ஈரம் இறங்குது. அவ்வளவுதான் விஷயம். விளக்கு பத்தல. திரியைக் கொஞ்சம் ஏத்தி வை" என்றான் அவன். அதில் குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கேம்பில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

நான்காம் நாள் அறிக்கை வரை வந்துவிட்டது. வாசலில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அந்தமான் கடலின் தென்கிழக்குப் பகுதியில்..." என்றது குரல். அத்தோடு நின்றது.

ஜம்புலிங்கம் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். பாய் மெல்ல உட்கார்ந்தார்.

"தென்கிழக்குல என்னவாம்?" என்றாள் சந்திரமதி.

"என்னவா இருக்கும் அக்கா? பாரிஷ், மழை வரும்னு சொல்லுவான். நவம்பர்ல தினமும் அதைத்தானே சொல்றான்" என்று சிரித்தான் பன்னீர்செல்வம். "அங்க எட்டுப் பேரு சோத்துக்கு இல்லாம உக்காந்திருக்கானுங்க. நாம இங்க வீணைக் கச்சேரி கேட்டுக்கிட்டு இருக்கோம்."

"ஜல்தி பண்ணாத தம்பி. நாளை ஒரு நாள் பாத்துடுவோம். முழுசாக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்றார் பாய்.

மறுநாள் ஜம்புலிங்கம் வேலைக்கு லீவு போட்டான். ஒட்டின இடத்தையெல்லாம் மறுபடி உருக்கி ஒட்டினான். காயிலின் பக்கத்தில் ஈயம் சரியாகப் பிடிக்காத இடம் ஒன்று அகப்பட்டது. "மாட்டிக்கிட்டான்டி திருட்டுப் பய!" என்று கூவினான். மத்தியானம் மூன்று மணி நேரம் விடாமல் பாடவைத்தான். ஒரு தடங்கலும் இல்லை. கேம்பைச் சுற்றிவந்து, கோளாறு ஜாயிண்ட்தான், இன்றைக்கு ராத்திரி முழு அறிக்கையும் கேட்கலாம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டான்.

தன் பங்குக்குச் சந்திரமதியும் சும்மா இருக்கவில்லை. நாலரை மணிக்கே சிம்னியைச் சாம்பல் போட்டுத் துலக்கினாள். விளக்கில் மண்ணெண்ணெயை விளிம்பு வரை ஊற்றினாள். ரேஷன் மண்ணெண்ணெய்தான், பரவாயில்லை, தம்பியைவிடவா? திரியை எப்போதும் வைப்பதற்கு இரண்டு பங்கு ஏற்றினாள். ஆறரை மணிக்கு ரேடியோவின் அடியில் கை வைத்துப் பார்த்தாள். சுரீரென்று சுட்டது. நன்றாகக் காய்ந்திருக்கும் என்று நிம்மதியாக இருந்தது.

அன்றைக்கு நான்காவது நிமிஷமே நின்றுவிட்டது.

ஜம்புலிங்கத்தின் முகம் கறுத்துவிட்டது. பின்பலகையைத் திறக்கக்கூட அவனுக்குக் கை வரவில்லை.

"இன்னிக்கு இன்னும் சீக்கிரமாவே நின்னுடுச்சேங்க" என்றாள் சந்திரமதி. அவளை அறியாமல் வந்த வார்த்தை அது.

"அப்படின்னா ஈரம் உள்ளுக்குள்ள நல்லா இறங்கிடுச்சுன்னு அர்த்தம். நீ சும்மா இரு" என்றான் அவன்.

அவள் சும்மா இருந்தாள். அந்த ஒரு நிமிஷம் அவள் சும்மா இருக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அடுப்படியில் இருப்பவளுக்கு ரேடியோவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டிருப்பான், அவளும் எனக்கு என்ன தெரியும் என்றே நினைத்தாள்.

பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கடல் பக்கம் பார்த்தார். "நான் போன்னும் சொல்லல, போகாதேன்னும் சொல்லல தம்பி" என்றார் கடைசியில்.

"நானே போறேன் பாய். விடியக்காலைல தண்ணி ஏறும்போது கிளம்பிடறேன். நாளை மறுநாள் எல்லாரும் இங்க இருப்போம்" என்றான் பன்னீர்செல்வம். கூடப் போக வேண்டிய இன்ஜின் ஆள் மலேரியாவில் படுத்திருந்தான். அதற்காகவும் அவன் தயங்கவில்லை.

சந்திரமதி கரை வரை போனாள். விடிந்தும் விடியாத நேரம். கடலில் அலையே இல்லை. எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரி கிடந்தது. ஓர் இலைகூட அசையவில்லை. எப்போதும் பாறைமேல் கூட்டமாக உட்கார்ந்திருக்கிற கடல் பறவைகள் அன்றைக்கு ஸ்டோர் கூரைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"பன்னீரு, எனக்கு என்னமோ சரியாப் படலடா. ஒரே ஒரு நாள் பொறுடா" என்று அவன் கையைப் பிடித்தாள்.

"பாரு, கடல் எவ்வளவு சாந்தமா இருக்கு! அத்தானோட டப்பாவைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா அவனுங்க பட்டினியாச் சாவானுங்க அக்கா. நீ போய் எனக்கு நாளைக்கு மீன் கொழம்பு வை" என்று கையை விடுவித்துக்கொண்டான். போட்டின் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவ்வளவு அமைதி.

அன்று பகல் முழுக்க அவள் கரையிலேயே கிடந்தாள். சோறு பொங்கவில்லை. சாயங்காலம் தெற்கே வானம் செம்பு நிறத்தில் திரண்டது. ஆறே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தபோது வீடு இருட்டாகக் கிடந்தது. அவள் எந்த விளக்கையும் ஏற்றவில்லை, ஏற்ற வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. ஸ்டோரிலிருந்து வந்த ஜம்புலிங்கம் லாந்தரை வாசலில் மாட்டிவிட்டு, வாசலில் யாரும் இல்லாத தைரியத்தில் ரேடியோவைப் போட்டான்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. குரல் கணீரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் காத்திருந்தான். பிறகு தொடையைத் தட்டி எழுந்தான்.

"ஓடுதுடி! சந்திரா, ஓடுது பாரு! நான் சொன்னேன்ல, அந்தக் காயில் ஜாயிண்ட்தான்! இவ்வளவு நாளும் அதுதான்..."

"அந்தமான் கடலின் தென்கிழக்குப் பகுதியில் உருவான காற்றழுத்தத் தாழ்வு புயலாக வலுப்பெற்றுள்ளது. இன்று இரவு அந்தமான் தீவுகளைக் கடக்கும். படகுகள் எதுவும் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்றது ரேடியோ.

தூக்கிய கையோடு ஜம்புலிங்கம் அப்படியே நின்றான். சந்திரமதி அவனைப் பார்க்கவில்லை. அவள் சூட்டுப் பெட்டியின் கீழ்த்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்து கிடந்தது. குனிந்து, ரேடியோவின் அடியில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது. பகலில் ஓடும். விளக்கு ஏற்றினால் நிற்கும். திரியை ஏற்றினால் சீக்கிரம் நிற்கும். விசிறினால் பிழைக்கும். அவன் நோட்டில் எழுதியிருந்ததெல்லாம் இதுதான்.

"ஈரம் இல்லீங்க. சூடு. நான் வச்ச விளக்கு" என்றாள்.

அவன் முதலில் இல்லை என்றான். பிறகு நோட்டைப் புரட்டினான். இரண்டு பக்கம் புரட்டியதும் மூடிவிட்டான். அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"யாருகிட்டயும் சொல்லாத சந்திரா. ஜாயிண்ட்தான்னு நான் எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். அதாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றான்.

ஒன்பது மணிக்குக் காற்று வந்தது. இரண்டு நாள் அடித்தது. ஸ்டோரின் தகரக் கூரை பறந்தது, தென்னைகள் பாதிக்கு மேல் சாய்ந்தன. மூன்றாம் நாள் வெளுத்தபோது கரை முழுக்கக் காட்டு மரங்கள் ஒதுங்கிக் கிடந்தன. சந்திரமதி அவற்றில் போட்டின் பலகை எதுவும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒன்றும் இல்லாததில் அவளுக்கு ஒரு நம்பிக்கை. தீவுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருப்பான், எட்டுப் பேரோடு ஒன்பதாவது ஆளாக உட்கார்ந்திருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பாய் ஆளனுப்பித் தகவல் சொன்னதும், தேடுவதற்குப் போர்ட்பிளேரிலிருந்து கப்பல் போயிருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். தினமும் ஏழு மணிக்குக் கேம்பே அவள் வாசலில் கூடியது. சூட்டுப் பெட்டியில் அவள் விளக்கு ஏற்றவில்லை. அதை யாரும் கவனிக்கவுமில்லை.

ஆறாம் நாள் செய்தியின் நடுவில் அது வந்தது. சிப்பி எடுக்கப் போன எட்டுப் பேரும் பாறைக் குகை ஒன்றில் நலமாக இருந்தார்கள், கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. அவர்களை அழைத்துவரப் புறப்பட்ட படகு தீவுக்கு வந்து சேரவேயில்லை. அதில் சென்ற ஒருவரைத் தேடும் பணி இன்றோடு நிறுத்தப்பட்டது.

ஜம்புலிங்கம் குமிழை நோக்கிக் கை நீட்டினான். சந்திரமதி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நின்றுவிடு, இப்போது நின்றுவிடு என்று அவள் மனசு அந்தப் பெட்டியைக் கெஞ்சியது, கையோ அவனை நிறுத்தவிடவில்லை. செய்தி முழுக்க வந்தது. வானிலை அறிக்கையும் முழுக்க வந்தது. அடுத்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குக் கடல் அமைதியாக இருக்கும் என்றது.

வாசலில் ஒரு பெண் விம்மினாள். நஜிமுதீன் பாய் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு வாரத்தில் அவருக்குப் பத்து வயசு கூடியிருந்தது.

"இவ்வளவு நல்லா பேசுதே தம்பி. அன்னிக்கு இதுக்கு என்னதான் ஆச்சு?" என்றார்.

ஜம்புலிங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "ஒரு ஜாயிண்ட் பாய்..."

"ஜாயிண்ட் இல்ல அண்ணே" என்றாள் சந்திரமதி. "நான் அடியில வச்ச விளக்கு. அந்தச் சூடு தாங்காமத்தான் நின்னுச்சு. நல்லா இருக்கட்டும்னு நான்தான் தினமும் திரியை ஏத்தி ஏத்தி வச்சேன். என் தம்பியை நான்தான் கொன்னுட்டேன்."

சொல்லிவிட்டு அவர் வாயையே பார்த்தாள். கத்துவார், கையை ஓங்குவார், அத்தனை பேர் முன்னால் தன்னைப் பாவி என்று சொல்வார் என்று காத்திருந்தாள். அது வந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

பாய் தலையைக் குனிந்துகொண்டு, "எங்க வீட்லயும் அந்த விளக்குதான்மா எரியுது" என்றார்.

கூட்டத்தில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், இன்னொருத்தி தலையைத் தடவினாள். ஒருவர்கூட அவளைத் திட்டவில்லை. ஒரே ஒருவராவது திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள்.